‘ஆங்’ என்றால் வெளியே

அக்காவின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் விருத்தாசலத்தில் யாராவது படித்துவிட்டு அவளிடம் போய்ச் சொல்லிவிடுவார்களோ என்று ஒரு பயம். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் இது வீண் பயம்தான். இருந்தாலும் பெயர் வேண்டாம். நாங்கள் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை.

எங்கள் பெண்கள் கபடி அணிக்கு அவள்தான் கேப்டன். ஆடுகளத்தில் அவள் இடம் இடது மூலை, லெஃப்ட் கார்னர். எதிரணிப் பெண் ரெய்டு முடித்துத் திரும்பி, எங்கள் பெண் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போகிற சின்ன இடைவெளியில், பக்கத்தில் நிற்கிறவளிடம் அக்கா ஒரு கேள்வி கேட்பாள். தலையைக்கூடத் திருப்ப மாட்டாள்.

"காலையில இன்னாடி கொழம்பு?"

"உன் செருப்ப எங்க வுட்ட?"

"அந்தாண்ட எத்தினி பேரு நிக்கிறாங்க?"

புதிதாக வந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடுகிற நேரத்தில் குழம்பு என்ன, செருப்பு என்ன. ஆனால் கேட்ட வேகத்தில் "கத்திரிக்கா" என்று பதில் வந்தால்தான் அவள் விடுவாள். கொஞ்சம் தாமதித்தால் இன்னொரு கேள்வி வரும். அதற்கும் தாமதித்தாலோ, "ஆங்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டாலோ, கதை முடிந்தது. அடுத்த டைம் அவுட்டில் அவள் வெளியே, பெஞ்சில் இருப்பவள் உள்ளே. அழுதாலும் கெஞ்சினாலும் அக்கா மசிய மாட்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நல்லாத்தான் இருக்கறேன்."

"நல்லா இருக்கறவ தின்ன கொழம்ப மறப்பாளா? போயி உக்காரு. தண்ணி குடி."

இதனால் எங்கள் பன்னிரண்டு பேருக்குமே ‘ஆங்’ என்ற சொல் வாயில் வராமல் போய்விட்டது. வீட்டில் அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டாலும் "சொல்லும்மா" என்று டக்கென்று குரல் கொடுத்துவிடுவேன். பெண்ணுக்கு மரியாதை வந்துவிட்டது என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டாள். எனக்கு வந்தது மரியாதை இல்லை, பெஞ்சு பயம்.

எங்கள் வீடு கம்மாபுரம் பக்கம். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள், எடுக்கப் போகிறார்கள் என்று பேசிப் பேசியே ஊரில் பாதிப் பேர் விதைப்பதை விட்டிருந்தார்கள். பிளஸ் டூ முடித்ததும் நான் தினமும் பஸ் ஏறி விருத்தாசலம் வந்து ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அது இரண்டாயிரத்துக்குப் பிறகு நான்கைந்து வருடங்கள் ஆன சமயம். அக்கா அங்கே எனக்கு முன்னாலேயே இருந்தாள். அவளுக்கு என்னைவிட ஐந்து வயது அதிகம். ஒரே பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவோம். அச்சிலிருந்து எடுத்த பச்சை மண் பொம்மையின் ஓரத்தில் ஒரு தையல் மாதிரி பிசிறு இருக்கும். அதைச் சின்னக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்ப வேண்டும். கையை ஒரு நூல் அழுத்திவிட்டால் பிள்ளையாருக்குத் தும்பிக்கை இருக்காது.

அங்கேதான் அவள் இந்த வித்தையைப் பிடித்தாள். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் பொம்மைகளுக்குக் காது போகும், மூக்கு போகும். கை வலியினால்தான் என்று மேஸ்திரி நினைத்துக்கொண்டிருந்தார். அக்கா அப்படி நினைக்கவில்லை.

"கையி வலிச்சா மெதுவா செய்வோம்டி, அவ்ளோதான். காது போறது கையால இல்ல. கண்ணு தொறந்துதான் இருக்குது, ஆனா பாக்க மாட்டேங்குது" என்பாள்.

அதனால் நான்கு மணி ஆனால் பெஞ்சிலும் கேள்விகளை ஆரம்பித்துவிடுவாள். பதில் தாமதமாகச் சொல்கிற பெண்ணின் கையிலிருந்து கத்தியை வாங்கிவிட்டுப் பஞ்சைக் கொடுப்பாள். துடைக்கிறதில் யாருடைய காதும் போகாது. மேஸ்திரிக்கு அவள் வாயாடி என்று எண்ணம். "வாய வெச்சிகிட்டு சும்மா இரும்மா" என்று தினமும் ஒருமுறையாவது சொல்வார். எங்கள் பெஞ்சில் உடைசல் குறைவு என்பதை அவர் கவனித்ததே இல்லை.

ஆறு மணிக்கு மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் பயிற்சி. ஃபாதர் அனுமதி கொடுத்திருந்தார். அக்கா அந்தக் கோயிலைச் சேர்ந்தவள். களத்தில் இறங்கும் முன் கால் கட்டைவிரலால் மண்ணில் சின்னதாக ஒரு சிலுவை போட்டு, அதைப் பாதத்தாலேயே அழித்துவிட்டு நிற்பாள். ஏன் அழிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "மிதிபடும்ல" என்றாள்.

சேர்ந்த புதிதில் ஒரு ஆட்டத்தில் என்னையும் வெளியே அனுப்பினாள். எனக்குக் கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். அதற்கு முந்தின ரெய்டில்தான் ஒருத்தியை இடுப்போடு கட்டித் தூக்கியிருந்தேன். அந்தக் குஷி அடங்குவதற்குள் பெஞ்சில் உட்கார்த்தினால் யாருக்குத்தான் பொறுக்கும்? நான்கு நாள் அவளோடு பேசவில்லை. பட்டறையில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அவளும் சமாதானத்துக்கு வரவில்லை.

ஐந்தாம் நாள் பயிற்சியில் என்னை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டாள். பிறகு மூச்சு வாங்க வாங்க ரெய்டு, உடனே தடுப்பு, மறுபடி ரெய்டு. நான் வீம்புக்கு ஆடினேன். கடைசியில் நிறுத்தி, "இப்ப ஒன் பின்னால சைக்கிள்ல போனது யாரு?" என்றாள்.

"யாரும் போகலயே."

"ஃபாதர் போனாரு. மணி அடிச்சாரு. ஒனக்குத்தான்டி அடிச்சாரு, நீ வழியில நின்ன."

திரும்பிப் பார்த்தேன். கோயில் வாசலில் ஃபாதர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தார். என் காலுக்குப் பக்கத்திலேயே டயர் தடம் ஈரமண்ணில் பளிச்சென்று கிடந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அன்றைக்குத்தான் அவள் உட்காரவைத்துச் சொன்னாள். "காலு சோர்றது அப்பறம். மொதல்ல கண்ணு சோர்ந்துடும். ரெய்டு வர்றவளோட கைய மட்டும் பாப்ப, காலப் பாக்க மாட்ட. கோடு எங்க இருக்குதுன்னு மறந்துடும். மொதல்ல ஒரு வாட்டி பலிச்ச வேலையையே திரும்பத் திரும்ப செய்வ. எல்லாத்தையும் வுட மோசம் ஒண்ணு இருக்குது. களச்சவளால காத்துகிட்டு நிக்க முடியாது. எப்பிடியாவது முடிச்சுட்டா போதும்னு தோணும், போயி வுழுந்துடுவா. அத அவகிட்ட கேட்டா, நான் தெம்பாத்தான் இருக்கறேன்னு சத்தியம் பண்ணுவா. பொய்யி இல்ல. அவளுக்கு அப்பிடித்தான் தெரியும்."

இப்போது நான் வேறு ஊரில் அரசாங்க வேலையில் இருக்கிறேன். சாயங்காலம் ஃபைல்களைப் பார்க்கும்போது ஒரே வரியை மூன்று தடவை படிப்பேன். அப்போதெல்லாம் பேனாவை மூடி வைத்துவிடுவேன். பக்கத்து சீட்டுக்காரருக்கு நான் சோம்பேறி என்று எண்ணம். இருந்துவிட்டுப் போகட்டும்.

அக்காவின் வீடு என்று சொல்ல ஒரு அறைதான். ரயில் பாதைக்கு அந்தப்புறம், நான்கு குடித்தனம் இருக்கும் வரிசையில் கடைசி அறை. சின்ன வயதிலேயே அம்மா செத்துப்போய், அப்பா திட்டக்குடிப் பக்கம் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அண்ணன் இருந்தான், அண்ணியும் இருந்தாள். அங்கே ஏன் இல்லை என்பதை அவள் சொல்லவில்லை, நாங்களும் கிண்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் குடும்பம் குடும்பமாக வெளியே வருவார்கள். அக்கா வாசல் வேப்பமரத்தடியில் நின்று எல்லோரிடமும் ஒரு வார்த்தை பேசுவாள். கடைசிக் குடும்பமும் வண்டியேறும்வரை அங்கேயே நிற்பாள். பிறகும் கொஞ்ச நேரம் நிற்பாள். அதை நான் பஸ் ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

பட்டறையில் மதியச் சாப்பாட்டை நாங்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து நாலு வாயில் முடித்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவாள். எங்கள் பன்னிரண்டு வீட்டுக் குழம்பும் அவளுக்குத் தெரியும். அவள் டப்பாவில் என்ன இருந்தது என்று எங்களில் ஒருத்திகூடக் கேட்டதில்லை. இப்போது நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது.

நடந்ததைச் சொல்லாமல் அவளைச் சொல்லி முடிக்க முடியாது.

அந்த வருடம் ஆகஸ்ட்டில் திட்டக்குடியில் சுதந்திர தினத்தை ஒட்டி இரண்டு நாள் கபடிப் போட்டி. ஒரு அரசுத் துறையின் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்க அதிகாரி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்று செய்தி வந்தது. அக்காவைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள், அவளைப் பார்க்கத்தான் வருகிறார். எடுத்துவிட்டால் நிரந்தர வேலை, தங்க ஹாஸ்டல், கூட ஆட ஒரு அணி. விளையாட்டுக் கோட்டாவின் வயது வரம்புக்கு அவளுக்கு அதுதான் கடைசி வருடம்.

அவள் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஒரே ஒரு முறை, பிள்ளையாரின் தும்பிக்கையைத் துடைத்துக்கொண்டே, "ஹாஸ்டல்ல ஒரு ரூம்ல நாலு பேராம்டி" என்றாள். நான்கு பேர் என்றால் இடநெருக்கடி என்று குறைப்படுகிறாளோ என்று நினைத்து, "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்க்கா" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துச் சிரித்தாள். எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது.

கொலு பொம்மை ஆர்டர் தலைக்குமேல் கிடந்த நேரம் அது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் லீவு வேண்டுமென்றால் செட்டியார் செட்டும் கல்யாண செட்டும் முடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். எங்கள் பெஞ்சில் ஆட்டக்காரிகள் நாலு பேர். எங்களை ஐந்து மணிக்கெல்லாம் "போங்கடி, தூங்குங்க" என்று துரத்திவிட்டு, மீதியை அவள் ஒருத்தியே இழுத்துப்போட்டுக்கொண்டு செய்தாள். மூன்று நாள் அப்படி. சனிக்கிழமை பஸ்ஸில் அவள் கண்ணோரம் சிவந்திருந்தது. மண்தூசி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் ஆட்டத்துக்கு முன்னால், என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உங்க எல்லாரையும் நான் கேக்கறேன். என்னைய யாரு கேப்பா? இன்னிக்கு நீ கேக்கணும்."

"நானாக்கா?"

"நீதான். நான் பதில் சொல்ல நேரமானா வெளிய வாக்கான்னு சொல்லு. நான் மொறைப்பேன், திட்டுவேன். அதெல்லாம் நீ பாக்காத. நீ சொன்னா வந்துடுவேன்."

சரி என்று தலையாட்டினேன். இத்தனை பேரில் என்னைத் தேர்ந்தெடுத்தாளே என்று எனக்குள் ஒரு கர்வம்.

காலையில் ஒரு ஆட்டம், மதியம் ஒரு ஆட்டம். இரண்டிலும் ஜெயித்தோம். இரண்டிலும் நான் கேட்டேன், அவள் உடனுக்குடன் சொன்னாள். சாயங்காலம் ஃபைனல். அதிகாரி வந்து ஸ்கோர் எழுதுகிறவருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தார். மடியில் ஒரு டைரி. அன்று வெயில் இறங்கவே இல்லை. மண் சுட்டது. இரண்டாம் பாதியில் என் காதுக்குள் ஒரு இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. கூட்டம் கத்துகிறது என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது எனக்குள்ளேயே கேட்ட சத்தம்.

முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது நாங்கள் ஒரு பாயின்ட் முன்னே. களத்தில் எங்கள் பக்கம் நான்கு பேர்: இடது மூலையில் அக்கா, வலது மூலையில் நான், நடுவில் இரண்டு பேர். அக்கா கடைசி டைம் அவுட் கேட்டாள். முப்பது நொடி. எல்லோரும் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினோம். நான் அவள் பக்கத்தில் போய், "அக்கா, அந்தாண்ட எத்தினி பேரு?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கண் என் முகத்தில்தான் இருந்தது.

"ஆங்?" என்றாள்.

வெளியே பெஞ்சில் மாற்று ஆட்டக்காரி எழுந்து நின்று கால்களை உதறிக்கொண்டிருந்தாள். வாங்கக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் கண் பிளாஸ்டிக் சேருக்குப் போனது. இப்போது இவளை வெளியே உட்கார்த்தினால் அந்த மனுஷர் என்ன நினைப்பார், இவளுக்குத் தெம்பு இல்லை என்று டைரியை மூடிவிட மாட்டாரா, இரண்டு நிமிடம்தானே, தாங்கிவிடுவாள். இவ்வளவுதான் யோசித்தேன். அதற்கு மேல் யோசிக்க என் மண்டையில் இடமில்லை.

"ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய் மூலையில் நின்றுகொண்டாள்.

அவள்மேல் இருந்த பாசத்தில் அப்படிச் செய்தேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அன்று நானும் களைத்துப் போயிருந்தேன். களைத்தவளால் காத்துக்கொண்டு நிற்க முடியாது, எப்படியாவது முடிந்தால் போதும் என்று தோன்றும் என்று அவள் சொன்னது என்னைப் பற்றித்தான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. என்னை யாரும் கேள்வி கேட்கவும் இல்லை.

அடுத்த சில ரெய்டுகளில் பாயின்ட் மாறவில்லை. கடைசி ரெய்டு அவர்களுடையது. நாங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆளைத் தொடாமல், தொடவிடாமல், பின்கோட்டை ஒட்டி நின்றால் போதும். முப்பது நொடி ஓடிவிடும், கோப்பை எங்களுக்கு. பயிற்சியில் இதை அக்கா எங்களுக்கு நூறு தடவை சொல்லியிருப்பாள். "கடைசி ரெய்டுல வீரத்த காட்டாதீங்கடி, சும்மா நில்லுங்க."

வந்தவள் நெட்டையானவள். கபடி கபடி என்று பாடிக்கொண்டே அக்கா பக்கம் இடது காலைச் சும்மா நீட்டி இழுத்தாள். சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அது ஏமாற்று. அக்கா பாய்ந்தாள். கணுக்காலைப் பிடிக்கப் போனவள் கையில் மண்தான் வந்தது. கேப்டன் விழுந்ததைப் பார்த்து நடுவில் இருந்த இரண்டு பேரும் ஓடிப்போய் அந்த நெட்டையானவள்மேல் விழுந்தார்கள். விழுந்து கிடந்த அக்காவைக் காலால் தொட்டுவிட்டு, மற்ற இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டே அவள் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டாள். மூன்று பாயின்ட். விசில் ஊதிவிட்டது.

எங்கள் பக்கம் நின்றுகொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அதிகாரி கூப்பிட்டனுப்பினார். எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். வந்த ஆள், "அவங்க இல்லீங்க, வலது பக்கம் நின்னாங்களே, அந்தப் பொண்ணு" என்றார். அக்கா தண்ணி டிரம் பக்கத்தில் முழங்கையில் ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் அசையாமல் நின்றேன். அவள்தான் ஈரக்கையால் என் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள்.

"போடி, கூப்புடறாங்க. தலைய சரி பண்ணிகிட்டு போ."

அதிகாரி நல்ல மனுஷர். என் படிப்பு, வயது எல்லாம் கேட்டு டைரியில் எழுதிக்கொண்டார். "கடைசி ரெய்டுல நாலு பேர்ல ஒனக்கு மட்டும்தான் நிதானம் இருந்துச்சும்மா. அவ்வளவு டென்ஷன்ல அப்படி நிக்கறது லேசு இல்ல. அந்தக் கட்டுப்பாடு எல்லாருக்கும் வராது" என்றார்.

நான் நின்றது நிதானத்தால் இல்லை. அக்கா விழுந்ததைப் பார்த்ததும் நானும் ஓடத்தான் நினைத்தேன். கால் வரவில்லை. மண்ணில் ஊன்றிய குச்சி மாதிரி நின்றுவிட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை என் ஆபீசில் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அக்கா மைதானத்துக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்றாள், வேலை இருக்கிறது என்றாள். கேப்டன் வராத அணி இரண்டு மாதத்தில் கலைந்துபோனது. ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்தி திருப்பூருக்குப் போனாள், மற்றவர்கள் சும்மா வராமல் இருந்துவிட்டார்கள். பட்டறையில் எங்கள் பெஞ்சில் நான்கு மணிக்கு மேல் கேள்விகளும் நின்றுபோயின. காதில்லாத பொம்மைகள் கூடையில் சேர்ந்தன. மேஸ்திரி, "இப்பதான் இந்த பெஞ்சு அமைதியா இருக்குது" என்றார். அந்தத் துறை அணி கூப்பிட்டிருந்த பயிற்சி முகாமுக்குப் போகவேண்டும் என்று சொல்லி நான் வேலையை விட்டேன். அது பாதி உண்மை. அவள் பக்கத்தில் உட்கார முடியவில்லை என்பது மீதி.

வேலைக்கான ஆர்டர் வந்தது பொங்கலுக்குப் பிறகு. அவளிடம் காட்டாமல் போக மனசு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் அறைக்குப் போனேன். பூசைக்குப் போய் வந்த புடவையோடு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆர்டரை வாங்கி வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள். ஹாஸ்டல் என்று எழுதியிருந்த இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. "நல்லா இருடி" என்று என் தலையில் கை வைத்தாள். அப்போதுதான் நான் உடைந்துபோனேன்.

"அக்கா, அன்னிக்கு கடைசி டைம் அவுட்ல நான் ஒங்கள கேட்டேன். நீங்க ஆங்ன்னு கேட்டீங்க."

அவள் கை என் தலையிலேயே இருந்தது.

"நானா?"

"நீங்கதான்க்கா. நான் சொல்லாம வுட்டுட்டேன். அந்த ஆபீசரு பாத்துகிட்டு இருக்கறாரேன்னு ஒண்ணுமில்லன்னுட்டேன்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். ஆர்டரை மடிப்பு மாறாமல் மடித்துக் கவருக்குள் வைத்தாள்.

"அப்ப நான் களச்சிதான் இருந்தேனா?"

"ஆமாக்கா."

"நீ ஒண்ணுமில்லன்னியா, நான் தெம்பாத்தான் இருக்கறேன்னு நம்பிட்டேன். தெம்பா இருக்கறப்பவே இப்பிடி போயி வுழுறவளுக்கு அப்பறம் இன்னா கண்ணு, இன்னா ஆட்டம்னுதான் வுட்டேன். இத்தினி மாசமா எனக்கு ஒண்ணுமே தெரியாது, தெரிஞ்ச மாதிரி உங்களயெல்லாம் ஏமாத்திகிட்டு இருந்தேன்னு நெனச்சிகிட்டு இருந்தேன்டி."

நான் அழுதேன். அவளுக்குக் கிடைக்கவேண்டிய வேலை போனது மட்டும்தான் என் தப்பு என்று அதுவரை நினைத்திருந்தேன். அவளிடம் அவளுடையது என்று இருந்த ஒரே ஒன்றையும் பிடுங்கிக்கொண்டது அப்போதுதான் தெரிந்தது.

"இப்பதான் தெரிஞ்சிடுச்சில்லக்கா. திரும்ப ஆடுங்கக்கா."

"யாரோட?" என்றாள். அதில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

பிறகு எழுந்து, இருந்த ஒரே தட்டைக் கழுவி, சோறு போட்டு ரசம் ஊற்றி என் முன்னால் வைத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது, "பஸ்ஸுல பாத்து போ, போயி லெட்டர் போடு" என்றாள். போட்டேன், மூன்று லெட்டர். மூன்றாவது, அந்த விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது.